எல்லாருக்கும் ‘ம்’ சொன்ன டாக்டர்

மரியாதைங்கறது நல்ல சாமான்தான், யாரு இல்லைன்னா? ஆனா நம்ம கோயமுத்தூர்ப் பக்கம் அது கொஞ்சம் கை மீறித்தான் போயிருச்சு. பந்தியில வயிறு முட்டினதுக்கப்புறமும், இலையை மூடினா ஊட்டுக்காரர் மனசு நோகுமேன்னு இன்னொரு கரண்டி வாங்கிக்கிற ஆளுக நாம. போக முடியாதுன்னு நல்லாத் தெரிஞ்சுட்டே, “வந்தர்றமுங்க”ன்னு பத்திரிகையை ரெண்டு கையாலயும் வாங்கி வெக்கிற ஆளுக. இதுனால பெருசா யாருக்கும் நட்டம் வந்ததில்லை. லோகப்பிரியா விசயத்துல மட்டும் அது ஒரு மனுசனோட குடலு வரைக்கும் போயிருச்சு.

லோகப்பிரியா சர்ஜன். எம்.எஸ். முடிச்சுட்டு, காரமடையில அங்கப்பனோட ஆசுபத்திரியில வேலை பார்க்கறா. சர்ஜன்னு நான் சொல்றேன். அவளையே கேட்டீங்கன்னா சித்த ரோசனை பண்ணித்தான் பதில் வரும். கட்டி கீறுவா, மூலம் பார்ப்பா, சர்க்கரைப் புண்ணைச் சுத்தம் பண்ணிக் கட்டுவா. வயித்தைத் திறக்கற கேஸ் வந்துச்சுன்னா மட்டும் ஆளு மாறிப் போயிருவா. “எதுக்குங்க ரிஸ்க்கு, பெரிய ஆசுபத்திரிக்கே போயிருங்க”ன்னு ஆம்புலன்சுல ஏத்தித் தாட்டி உட்டுருவா. அங்கப்பன் பாக்கு யாவாரத்துல சம்பாதிச்சு ஆசுபத்திரி கட்டினவரு, டாக்டரு கிடையாது. அவரும் எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பாரு? ஒரு நாள் கேட்டே போட்டாரு: “ஏனுங் அம்மணி, நம்ம ஆசுபத்திரி என்ன பஸ் ஸ்டாண்டுங்களா? வர்றவங்களை எல்லாம் கோயமுத்தூருக்கு ஏத்தி உடறீங்க?”

இவளுக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அவரு சொன்னது நெசந்தானே!

அவ படிச்சது கோயமுத்தூர்ல ஒரு பெரிய டிரஸ்டு ஆசுபத்திரியில. அங்க சர்ஜரிக்குத் தலைவர் டாக்டர் தேவானந்தம். சர்ஜன்னா கத்திரியை வீசி எறியணும், நர்சை அழ வெக்கணும்னு நெனச்சுட்டு வர்ற பசங்களுக்கு அவரைப் பார்த்தா அதிசயமா இருக்கும். வார்டு கூட்டற அம்மாவைக்கூட “ஏனுங்கம்மா”ன்னுதான் கூப்பிடுவாரு. ஒருத்தருக்கும் முடியாதுன்னு சொன்னதில்லை, ஒருத்தர் மனசையும் நோகடிச்சதில்லை. ஞாயித்துக்கிழமை கோயில்ல பாதிரியாருக்கு அடுத்தபடியா சனம் கும்பிடு போடறது அவருக்குத்தான்.

அவரு சொல்லிக் குடுக்கற விதமே தனி. மேசைக்கு இந்தப் பக்கம் படிக்கிற புள்ளையை நிக்க வெச்சு, கத்தியை அது கையில குடுத்துப்போட்டு, எதிர்த்தாப்பல அவரு நிப்பாரு. இடுக்கியால சதையை லேசாத் தூக்கிப் புடிப்பாரு. அவரு தூக்கின இடத்துல வெட்டினா ரத்தம் பீச்சாது, வேண்டாத எதுவும் கத்தியில மாட்டாது. வெட்டறதுக்கு முன்னால புள்ளை நிமிந்து அவரு மூஞ்சியைப் பார்க்கும். மாஸ்குக்கு மேல கண்ணு மட்டுந்தான் தெரியும். “ம்”பாரு. வெட்டிக்கலாம். மறுபடி பார்க்கும். “ம்”. தைக்கலாம். மூணு வருசமும் இப்புடியேதான் ஓடுச்சு. லோகப்பிரியா நூத்துக்கணக்குல ஆபரேசன் பண்ணினா. அவ பண்ணினது எதுலயும் ஒரு கோளாறு வந்ததில்லை. “தங்கமான கையி”ன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க.

அப்புறம் காரமடைக்கு வந்து மொத மொதலா ஒரு குடல்வால் கேஸ். வயித்தைத் திறந்துபோட்டு பழக்கத்துல நிமிந்து பார்க்கறா, எதிர்த்தாப்பல குழந்தையம்மாள் சிஸ்டர் நிக்கறாங்க. டாக்டரம்மா ஏன் நம்மளைப் பார்க்கறாங்கன்னு அவங்களும் இவளைப் பார்க்கறாங்க. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துட்டு நின்னா ஆபரேசன் எப்புடி நடக்கும்? அன்னைக்கு எப்படியோ தட்டுத் தடுமாறி நல்லபடியா முடிச்சுட்டா. ஆனா அதுல இருந்து ஒரு சந்தேகம் உள்ள புகுந்துகிச்சு. அத்தனை ஆபரேசனையும் நான் செஞ்சனா? இல்லை, என்ற கையை வாங்கி வெச்சுட்டுச் சாரு செஞ்சாரா?

இந்த மாதிரி சந்தேகம் கூடப் படிச்சவங்க யாருக்கும் வந்ததாத் தெரியல. மிதுன் சென்னையில பெரிய ஆசுபத்திரியில ரோபோ வெச்சு ஆபரேசன் பண்றான். ரசாக் கோயமுத்தூர்ல லேசர்ல மூலத்துக்கு மட்டும் கிளினிக் போட்டு, டவுன் பஸ் முதுகுல எல்லாம் அவன் மூஞ்சிதான். தீபக் கத்தியைத் தொட்டே வருசமாச்சு. இன்சூரன்ஸ் கம்பெனி ஆபீசுல ஏசியில உக்காந்துட்டு, மத்த சர்ஜன் பண்ற ஆபரேசனுக்குப் பணம் குடுக்கலாமா வேண்டாமான்னு சொல்றதுதான் வேலை. “லோகு, உனக்கும் ஒரு சீட்டு இருக்கு. ராத்திரி போன் வராது, யாரும் சாக மாட்டாங்க. திங்கக்கிழமைக்குள்ள சொல்லு”ன்னான். இவளுக்கு அது சொர்க்கத்துல இருந்து வந்த சேதி மாதிரி இருந்துச்சு. அதே சமயம் அழுகையும் வந்துச்சு. அத்தனை வருசம் கண்ணு முழிச்சுப் படிச்சது அடுத்தவன் பில்லைப் பார்க்கறதுக்காங்கற அழுகை. போறதா இருக்கறதான்னு ஆத்துல ஒரு காலு சேத்துல ஒரு காலா நின்னா.

இந்த நேரம் பார்த்துத்தான், ரிட்டையர் ஆயிருந்த தேவானந்தம் சாருக்குக் குடலிறக்கம் வந்துச்சு. தொடை இடுக்குல ஒரு வீக்கம். நின்னா வரும், படுத்தா உள்ள போயிரும். ஆயுசு பூரா அடுத்தவங்களுக்குத் தைச்ச அதே வியாதி. ஆபரேசன் பண்ணித்தான் தீரணும்.

யாரு பண்றது? அங்கதான் ஆரம்பிச்சுது கூத்து. சாரு யாருகிட்டப் போய்ப் படுக்கறாரோ, அவரு வளர்த்ததுலயே அந்த ஆளுதான் பெரிய சர்ஜன்னு ஆயிருமில்ல? பழைய மாணவங்க ஒவ்வொருத்தனும் போனைப் போட்டு வருந்தி வருந்திக் கூப்பிட்டானுக. லோகப்பிரியாவும் போன் பண்ணினா. பண்ணாம இருந்தா மரியாதையில்லையே! “எங்கிட்டயே வந்துருங்க சார், நான் பார்த்துக்கறேன்”ன்னா. ஊட்டுக்கு வந்தவங்களைச் சாப்பிட்டுப் போங்கன்னு சொல்றதில்லையா, அந்த மாதிரி வாய்ல வந்த வார்த்தை அது. அடுப்புல சோறு இருக்குதான்னு பார்த்துட்டா சொல்றோம்?

அந்தப் பக்கம் சாரு சொன்னாரு: “சரி கண்ணு. உங்கிட்டயே வாரேன்.”

போனை வெச்சுட்டு லோகப்பிரியா பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்டா. வேலியில போன ஓணானைப் புடிச்சு மடியில கட்டிக்கிட்ட கதையாப் போச்சே! சாரு என்னைத் தேடி வர்றாராங்கற சந்தோசம் ஒரு பக்கம் பொங்குது. சாரு மேசை மேல படுத்துட்டாருன்னா எதிர்த்தாப்பல யாரு நிப்பாங்கங்கற பயம் இன்னொரு பக்கம் அமுக்குது. ரெண்டும் ஒரே நேரத்துல வந்தா மனுசி என்னதான் பண்ணுவா? டீயை எடுத்து வெச்சா, குடிக்க மறந்து போனா.

மறுநா மிதுன் கூப்பிட்டான். “லோகு, விசயம் தெரியுமா? சார் எங்கிட்ட வர்றாரு. ரோபோவுலயே பண்ணிரலாம்னு தியேட்டர் புக் பண்ணிட்டேன்.”

“உங்கிட்டயா? சாரே சொன்னாரா?”

“அவரேதான். ‘உங்கிட்டயே வாரேன் மிதுன்’னாரு.”

இவளுக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. ரசாக்கைக் கூப்பிட்டா. அவன் இன்னும் ஒரு படி மேல. சாரு வர்றாருன்னு ரூமுக்குப் பெயிண்டே அடிச்சு வெச்சிருக்கான். இன்னும் ரெண்டு பேருகிட்ட விசாரிச்சா, அவங்ககிட்டயும் வர்றாராம். மனுசன் ஒருத்தரு, குடலிறக்கம் ஒண்ணு, தயாரா நிக்கற தியேட்டர் ஊர் பூரா. ரசாக்கை மறுபடி கூப்பிட்டுச் சொன்னதும் அவன் விழுந்து விழுந்து சிரிச்சான். இவளும் சிரிச்சா. பாதிச் சிரிப்புல இவளுக்குச் சிரிப்பு நின்னு போச்சு.

ஏன்னா, அப்பத்தான் அந்த ரோசனை வந்துச்சு. இந்த மனுசனுக்கு வேண்டாம்னு சொல்லவே வராதுன்னா, மூணு வருசம் எனக்குச் சொன்ன ‘ம்’ எல்லாம் என்ன கணக்கு? புள்ளை மனசு நோகக்கூடாதுன்னு சொன்னதா? பாஸ் போட்டாரே, அதுவும் மரியாதைக்குத்தானா? நான் தப்பா வெட்டப் போனப்பக்கூட ‘ம்’ சொல்லிட்டு, அந்தப் பக்கம் அவரு சத்தமில்லாம சரி பண்ணிக்கிட்டாரா? ரசாக்கிட்டயே கேட்டுப் பார்த்தா.

“எனக்குந்தான் பாஸ் போட்டாரு. நான் நல்லாத்தானே இருக்கேன்?”ன்னான் அவன்.

“நீ மூலத்தைத் தவிர வேற எதையும் தொடறதில்லையேடா.”

“பேசண்டு காத்திருக்காங்க”ன்னு அவன் டக்குன்னு போனை வெச்சுட்டான். அட, இவனுக்கும் அதே சந்தேகந்தான் போலிருக்குதேன்னு இவளுக்கு மனசு பொக்குன்னு போச்சு. மிதுனுக்கு ரோபோ, ரசாக்குக்கு லேசர், தீபக்குக்கு ஆபீசு. ஒவ்வொருத்தனும் எதிர்த்தாப்பல நிக்க ஒண்ணைத் தேடிக்கிட்டானுகளோ என்னமோ, யாரு கண்டா? திங்கக்கிழமை தீபக்குக்குச் சரின்னு சொல்லிரலாம்னு பாதி மனசு முடிவே பண்ணிருச்சு.

அதுக்கு முந்துன நாளு ஞாயித்துக்கிழமை, நல்ல முகூர்த்தம். காரமடையில அரங்கசாமின்னு ஒருத்தரு மக கல்யாணம். அவரு தேவானந்தம் சாருகிட்ட வருசக்கணக்கா வைத்தியம் பார்த்தவரு. சாரு வராம இருப்பாரா? சாரோட மக ஜோஸ்லின் காரை ஓட்ட, கல்யாணத்துக்கு வந்திருக்காரு. பந்தியெல்லாம் முடியற நேரம், அந்தக் காரு அங்கப்பன் ஆசுபத்திரி வாசல்ல வந்து நின்னுச்சு.

“அக்கா, அப்பாவுக்குக் காலையில இருந்தே வலியாம். இப்பத்தான் சொல்றாங்க”ன்னு ஜோஸ்லின் அழறா.

சாரு வேர்த்து விறுவிறுத்து, ரெண்டாக் குனிஞ்சு வர்றாரு. படுக்க வெச்சுப் பார்த்தா வீக்கம் கல்லு மாதிரி கெடக்குது, உள்ள போகல. காலையில காரு ஏறும்போதே போகலையாம். சரி, தாலி கட்டற நேரத்துல எந்திரிச்சா நல்லாயிருக்காதுன்னு உக்காந்திருக்காரு. அப்புறம் அரங்கசாமி கையைப் புடிச்சுப் பந்திக்குக் கூட்டிட்டுப் போயி, பக்கத்துலயே நின்னு பரிமாறியிருக்காரு. குடலு சிக்கிக்கிட்டு, வலியில உசுரு போக, அந்த மனுசன் பாயசம் வரைக்கும் சாப்பிட்டிருக்காரு. அட கெரகமே! படிச்ச சர்ஜனாச்சே, சிக்கின குடலுக்கு ரத்தம் போகாது, நேரமாக ஆகச் செத்துப் போகும்னு அவருக்குத் தெரியாதா? தெரியும். அரங்கசாமி மனசு நோகுமே, அதுவும் தெரியும்.

அங்கப்பன் வழக்கம்போல ஆம்புலன்சை எடுக்கச் சொல்லிட்டாரு. “கோயமுத்தூருக்குத்தானுங்க அம்மணி?”

லோகப்பிரியா ரசாக்குக்குப் போன் போட்டா. “அனுப்பி உடு, ஆளுகளைத் தயாரா வெக்கறேன்”ன்னான். “ஆனா லோகு, மேட்டுப்பாளையம் ரோடு முழுக்கக் கல்யாண வண்டி, ஊட்டி வண்டி. ஆம்புலன்சே நிக்குதாம்.” மயக்க டாக்டர் கீதா அக்கா பக்கத்துல வந்து, “போய்ச் சேர்றதுக்குள்ள குடலு என்னத்துக்கு ஆகும்னு பார்த்துக்கோ”ன்னு மட்டும் சொன்னாங்க. இவ திருதிருன்னு முழிக்கறா. முழிச்சுட்டு, பழைய பழக்கம் போகுதா, சாரு மூஞ்சியைப் பார்த்தா. சொல்லுங்க சார், போலாமா, இங்கயே பண்ணலாமா?

சாரு கட்டில் கம்பியைப் புடிச்சுட்டு, பல்லைக் கடிச்சுட்டுச் சொன்னாரு: “உனக்கு எது சௌகரியமோ அப்படிச் செய்யி கண்ணு.”

வந்துச்சு பாருங்க இவளுக்கு ஒரு கோபம்! சாகக் கெடக்கறப்பக்கூட மரியாதையா? “சௌகரியத்தைப் பத்தி இப்ப யாருங்க சார் கேட்டா?”ன்னு கத்திட்டா. ஆயுசுல அவருகிட்டச் சத்தம் போட்டது அதுதான் மொத தடவை. கத்தின கையோட, “தியேட்டருக்குக் கொண்டு போங்க”ன்னும் சொல்லிட்டா. சொன்னது அவதானான்னு அவளுக்கே சந்தேகம். குடலு நல்லா இருந்தா உள்ள தள்ளித் தைச்சுடறேன், கெட்டுப் போயிருந்தா அந்தத் துண்டை வெட்டிட்டு இணைக்கணும்னு அப்பாவுக்கும் மகளுக்கும் விளக்கினா. ரெண்டு பேரும் சரின்னாங்க.

வயிறு நெறையப் பாயசம் இருக்கறதால முழு மயக்கம் குடுத்தா வாந்தி நெஞ்சுக்குள்ள போயிரும்னு கீதா அக்கா முதுகுல ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப் போக வெச்சாங்க. வயித்துல இருக்கறதை வெளிய எடுக்க மூக்கு வழியா ஒரு டியூபு. அப்ப என்னாச்சு? சாரு முழிச்சுட்டே இருக்காரு. நெஞ்சுக்குக் குறுக்கால ஒரு பச்சைத் துணியைத் தொங்க உட்டிருக்கு. அந்தப் பக்கம் அவரு தலை, இந்தப் பக்கம் அவரு வயிறு. எதிர்த்தாப்பல குழந்தையம்மாள் சிஸ்டர்.

திறந்து பார்த்தா, சிக்கின குடலு நாவப்பழ நிறத்துல கெடக்குது. இறுக்கிட்டிருந்த வளையத்தை வெட்டி உட்டா. வெதுவெதுப்பான தண்ணியில முக்கின துணியைச் சுத்தி வெச்சுட்டுக் காத்திருக்கணும். ரத்தம் திரும்ப ஓடினா நிறம் தெளியும், குடலு நெளியும். தெளிஞ்சா உள்ள, தெளியலைன்னா வெட்டு. பாடம் அவ்வளவுதான். ஆனா தெளிஞ்சுதா இல்லையான்னு சொல்ற கண்ணு வேணுமே! அந்தக் காலத்துல அந்தக் கண்ணு எப்பவும் எதிர்த்தாப்பல இருந்துச்சு.

துணிக்கு அந்தப் பக்கம் இருந்து குரலு வந்துச்சு. “என்ன நிறம் கண்ணு?”

“பாதி தெளிஞ்சிருக்குதுங்க சார். நாலு விரக்கடை நீளம் அப்படியே கெடக்குது.”

“நெளியுதா?”

“இந்தப் பக்கம் நெளியுது. அந்தத் துண்டு நெளியல... இல்லை, லேசா நெளிஞ்ச மாதிரியும் இருக்குது.” அவளுக்கு நெசமாவே தெரியல. ஒரு நிமிசம் பார்த்தா உசுரு இருக்கற மாதிரி இருக்குது. அடுத்த நிமிசம் பார்த்தா இல்லை. துணியை மாத்தி வெச்சு மறுபடி காத்திருந்தா. மறுபடி பார்த்தா. அதே குழப்பந்தான்.

“உள்ள வெச்சுரு”ன்னாரு சாரு. “உள்ள போனாத் தெளிஞ்சுரும்.”

“வெட்டிரலாம்னு தோணுதுங்க சார்.”

“வேண்டாம்.”

லோகப்பிரியா கை அப்படியே நின்னுச்சு. மூணு வருசத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இந்த வார்த்தையை இந்த வாயில கேட்டிருந்தா, அவரு சொன்ன மத்ததெல்லாம் நெசம்னு நம்பி நிம்மதியா இருந்திருப்பாளே! இப்ப வருது. வரக்கூடாத நேரத்துல வருது. சாரே வேண்டாங்கறாரு, உள்ள தள்ளிப்போட்டு மூடிரு, நாளைக்கு ஒண்ணு ஆனாலும் அவரு சொல்லித்தானே பண்ணினேன்னு சொல்லிக்கலாம்னு மனசு நப்பாசையில துடிக்குது. அவரு சொல்றது சர்ஜனாவா, படுத்திருக்கற பேசண்டாவா? அதுவும் தெரியல.

கையைத் தூக்கிப் புடிச்சுட்டே துணியோரமா நகந்து எட்டிப் பார்த்தா. கீதா அக்கா துணியைச் சித்தத் தாழ்த்தினாங்க. மூக்குல டியூபோட, கண்ணோரத்துல தண்ணி வழிய, ஒரு வயசான மனுசன் படுத்திருக்காரு. பயந்து போய்க் கெடக்கற மனுசன்.

“நீங்க பார்க்கலீங்க சார். நான் பார்க்கறேன். அது நல்லா இல்லீங்க.”

“பயமா இருக்குது கண்ணு.”

“எனக்குந்தானுங்க. உங்களைக் காட்டியும் எனக்குத்தான் அதிகம். ஆனா இதை உள்ள வெச்சுப்போட்டு என்னால ஊட்டுக்குப் போக முடியாதுங்க சார். வெட்டறேன், சரிங்களா?”

அவரு கண்ணை மூடினாரு. “வெட்டிக்கோ”ன்னாரு. கீதா அக்கா சொருகி வெச்சிருந்த ஊசியில லேசாத் தூக்க மருந்து குடுத்தாங்க.

நாலு விரக்கடையை வெட்டி எடுத்துட்டு, ரெண்டு முனையையும் இணைச்சுத் தைச்சா. ஒரு தடவைகூட நிமிந்து பார்க்கல. நூலை எங்க குத்தறதுன்னு பார்க்கவே நேரம் சரியா இருந்துச்சு.

ஆபரேசன் முடிஞ்சுது, குழப்பம் முடியல. குடலைத் தைச்சா அடுத்து ஒண்ணுக்குக் காத்திருக்கணும், நாகரிகமாச் சொல்லணும்னா, காத்துப் பிரியறதுக்கு. காத்துப் பிரிஞ்சா உள்ள வழி திறந்துருச்சுன்னு அர்த்தம். இல்லைன்னா தையல் உட்டுருச்சோன்னு வெசனம். தீபக் போன் பண்ணி, “என்ன முடிவு பண்ணினே?”ன்னு கேட்டதுக்கு, “இன்னும் சாருக்குக் காத்துப் பிரியலடா, அப்புறம் பேசறேன்”ன்னு வெச்சுட்டா. ஊர் ஊரா இருக்கற பழைய மாணவங்க எல்லாம் அதே கேள்வியைப் போன்ல கேட்டுட்டே இருந்தானுக. பெரிய மனுசனோட காத்துக்கு இத்தனை டாக்டருக தவம் கெடந்தது எங்கயும் நடந்திருக்காது.

மிதுன் சென்னையில இருந்து வந்தான், ரசாக்கும் ஹார்லிக்சு பாட்டிலோட வந்தான். மிதுன் லோகப்பிரியாவைத் தனியாக் கூட்டிட்டுப் போயி, “நெசமாவே செத்துத்தான் இருந்துச்சா? நானா இருந்தா இன்னும் சித்த நேரம் பார்த்திருப்பேன்”ன்னான். இவளுக்கு மறுபடி அந்தச் சந்தேகம். நல்ல குடலைத்தான் வெட்டிட்டனோ? யாரைக் கேக்கறது? வெட்டிப் போட்ட குடலு எந்திரிச்சு வந்தா சாட்சி சொல்லப் போகுது?

அப்பக் கட்டில் பக்கம் இருந்து ஒரு சத்தம். சின்னச் சத்தம் இல்லைங்க. ரசாக் “அல்லா!”ன்னு கையைத் தூக்கிட்டான், ஜோஸ்லின் சிலுவை போட்டுக்கிட்டா, அங்கப்பன் ஓடிப்போய் வாசல்ல பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைச்சாரு. சாருக்கு வெக்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம், சிரிச்சாத் தையலு வலி ஒரு பக்கம். அத்தனை வலியிலயும் மிதுனைப் பார்த்து, “உனக்குத்தான் வீண் அலைச்சல். அடுத்த தடவை உங்கிட்டயே வாரேன் மிதுன்”னாரு. ரசாக் வெளிய ஓடிப் போய்ச் சிரிச்சான்.

பொழுது சாஞ்சு எல்லாரும் போனதுக்கப்புறம் லோகப்பிரியா கட்டுப் பிரிச்சுப் பார்த்துட்டு இருந்தா. சாரு மெதுவாக் கேட்டாரு: “கண்ணு, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. அது நெசமாவே கெட்டுத்தான் இருந்துச்சா?”

ஆமாங்க சார்னு சொல்லிருக்கலாம். அதுதான் மரியாதை. படுத்திருக்கறவருக்கு ஆறுதலாவும் இருந்திருக்கும். வாய் வரைக்கும் வந்துச்சு, அந்த ‘ஆமா’. ஆனா வெளிய வரல.

“தெரியலீங்க சார்”ன்னா. சொன்னதும் அழுகை முட்டிக்கிச்சு. “இன்னைக்கு வரைக்கும் தெரியல. உள்ள வெச்சாத் தூங்க முடியாதுன்னு தோணுச்சு, வெட்டிட்டேன். அவ்வளவுதானுங்க.”

சாரு மேல ஓடற ஃபேனைப் பார்த்தாரு.

“நானும் அப்படித்தான் கண்ணு,” அப்படின்னாரு. “கடைசி வரைக்கும் அப்படித்தான் வெட்டிட்டு இருந்தேன்.”

“அப்ப ஏனுங்க சார் எங்ககிட்ட ஒருநாளும் சொல்லல?” அவ கேட்டது கோபமாத்தான்.

“எப்படிச் சொல்றது? நீங்க எல்லாரும் என்ற மூஞ்சியையே பார்த்துட்டு நின்னீங்களே.”

லோகப்பிரியா கட்டை முடிச்சுப்போட்டு, அவரு போர்வையை இழுத்து உட்டுட்டு வெளிய வந்தா. மனசு தெளிஞ்சுதான்னு கேட்டா, அதெல்லாம் ஒண்ணும் தெளியல. அந்த மனுசன் மேல கோபமும் போகல, பாசமும் போகல. ஆனா கேக்கறதுக்கு ஒரு இடம் இருக்குது, அங்க போனாத் தெரிஞ்சுரும்னு இத்தனை நாளு நெனச்சுட்டு இருந்தாளே, அந்த இடம் காலியாத்தான் இருந்திருக்குன்னு மட்டும் தெரிஞ்சு போச்சு. தீபக்குக்குப் போன் பண்ணி, வேற ஆளைப் பார்த்துக்கடான்னு சொன்னா. ஏன்னு கேட்டான். “தெரியலடா”ன்னா.

கீழ அவசரப் பிரிவுல தோலம்பாளையத்துல இருந்து ஒரு அம்மாவைக் கொண்டு வந்திருந்தாங்க. வயிறு பலகையா இருக்குது, தொட்டாக் கத்தறாங்க. வயித்துக்குள்ள எங்கயோ ஓட்டை. கூட வந்த புருசன், மகன், மருமக, பக்கத்து ஊட்டுக்காரங்க, அத்தனை பேரும் வாயைத் திறக்காம லோகப்பிரியா மூஞ்சியையே பார்த்துட்டு நின்னாங்க.

“பயப்பட ஒண்ணும் இல்லீங்களே அம்மணி?”ன்னு அந்தப் புருசன் கேட்டாரு.

“பயப்படற மாதிரிதானுங்க இருக்குது”ன்னா லோகப்பிரியா. “தியேட்டருக்குச் சொல்லிட்டு வாரேன், இருங்க.”